கண்ணாடிக் கடலுக்கு வாடகை பம்ப்

மும்பையில் குடியேறிய நம்மூர்க் குடும்பங்கள், ஊரிலிருந்து அப்பா அம்மா வந்தால் கூட்டிக்கொண்டு போகிற இடங்களுக்கு ஒரு பட்டியல் வைத்திருப்பார்கள். கேட்வே, மகாலட்சுமி கோவில், ஹாங்கிங் கார்டன், மாதுங்காவில் ஒரு டிபன். பல வருஷம் அந்தப் பட்டியலில் மரைன் டிரைவ் தாராபூர்வாலா அக்வேரியமும் இருந்தது. குழந்தைகள் கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு நிற்பார்கள். பெரியவர்கள் "இது வஞ்சிரம், இது பாறை" என்று குழம்பு வைக்கிற கணக்கில் பார்ப்பார்கள் :-)

அந்த மீன்கள் இருக்கிற தண்ணீரை யார் ஓட வைக்கிறார்கள் என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. சுவருக்குப் பின்னால் ஒரு பம்ப் ஓடிக்கொண்டே இருக்கிறது. அது பழுதானால்? அதைக் கழற்றி மாட்ட வேண்டி வந்தால்? அந்தச் சில நாட்களுக்கு என்ன செய்வார்கள்?

பதில் சுலபம். வாடகைக்கு ஒரு பம்ப் எடுப்பார்கள். கல்யாணத்துக்கு ஷாமியானா, பாத்திரம் எடுப்பது போல. ஆனால் இந்தச் சுலபமான பதிலுக்குப் பின்னால் நூற்று எழுபது வருஷக் கதை இருக்கிறது. படிக்கப் படிக்க எனக்கு இது மீன் கதையாகத் தெரியவில்லை, எங்கள் வங்கிக் கதையாகத்தான் தெரிந்தது. ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.

முதல் பம்ப்: ஒரு வேலைக்காரப் பெண்

1846-ம் வருஷம். இங்கிலாந்தின் டார்க்கி கடற்கரையில் ஆனா தின் என்கிற சீமாட்டி சில பவள உயிரிகளைப் பார்த்து ஆசைப்பட்டு, ஒரு ஜாடியில் போட்டு லண்டனுக்குக் கொண்டுவந்தார். லண்டனில் கடல் கிடையாது. கொண்டுவந்த தண்ணீரும் கொஞ்சம்தான். அது கெட்டுப்போகாமல் இருக்க அவர் ஒரு வழி கண்டுபிடித்தார். தினமும் அரை மணி முதல் முக்கால் மணி நேரம், திறந்த ஜன்னல் ஓரத்தில் நின்று அந்தத் தண்ணீரை ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொரு பாத்திரத்துக்கு மாற்றி மாற்றி ஊற்ற வேண்டும். நம்மூரில் டீ மாஸ்டர் ஆற்றுகிற மாதிரி.

ஊற்றியது சீமாட்டி இல்லை, வீட்டு வேலைக்காரப் பெண். சரித்திரத்தில் அவள் பெயர் நிலைக்கவில்லை. ஆனால் என் கணக்கில் உலகின் முதல் அக்வேரியம் பம்ப் அவள்தான். கூலிக்கு அமர்த்தப்பட்ட பம்ப். பவள உயிரிகள் வருஷக்கணக்கில் பிழைத்திருந்தன.

1850-ல் ராபர்ட் வாரிங்டன் என்கிற வேதியியலாளர் வேறு வழி காட்டினார். தண்ணீருக்குள் செடியையும் வைத்தால் செடி ஆக்சிஜன் கொடுக்கும், மீன் அதைச் சுவாசிக்கும், மீன் விடும் கழிவு செடிக்கு உணவாகும். வரவும் செலவும் சமம். இந்த நம்பிக்கையில் 1853-ல் லண்டன் ரீஜண்ட்ஸ் பார்க் விலங்குக் காட்சிசாலையில் உலகின் முதல் பொது மீன் காட்சியகம் திறக்கப்பட்டது. அடுத்த வருஷம் பிலிப் ஹென்றி காஸ் எழுதிய புத்தகத்தால் 'அக்வேரியம்' என்கிற சொல்லே ஊரெல்லாம் பரவியது. வீட்டுக்கு வீடு கண்ணாடித் தொட்டி வைப்பது பெரிய மோகமாகி, சில வருஷத்தில் அடங்கியும் போனது.

ஏன் அடங்கியது? பெரும்பாலான வீடுகளில் மீன் செத்துக்கொண்டே இருந்தது. சின்னத் தொட்டியில் வரவு செலவைச் சமமாக வைப்பது சொல்ல எளிது, செய்யக் கடினம். நாலு பேர் பார்க்க வருகிற பெரிய காட்சியகத்தில் அது இன்னும் கடினம்.

திவாலான ஒரு வியாபாரி

இங்கேதான் என் கதாநாயகர் வருகிறார். வில்லியம் ஆல்ஃபோர்ட் லாயிட். லண்டனில் அக்வேரியம் சாமான்களுக்கென்றே பெரிய கடை வைத்திருந்தவர். மோகம் அடங்கியதும் வியாபாரம் படுத்தது. 1862-ல் திவால்.

திவாலானவர்களை வங்கிக்காரன் அனுதாபத்தோடு பார்க்கிறதில்லை. ஆனால் லாயிட் கற்றுக்கொண்ட பாடம் பெரியது. 1864-ல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் புதிய அக்வேரியத்தைப் பார்த்துக்கொள்ளப் போனார். 1871-ல் லண்டன் கிரிஸ்டல் பேலஸில் அவர் திட்டப்படி கட்டிய அக்வேரியம் திறந்தது. அங்கே அவர் செய்ததுதான் இன்றுவரை எல்லா அக்வேரியத்துக்கும் அடிப்படை.

மக்கள் பார்க்கிற தொட்டிகளில் இருந்த தண்ணீர் ஏறக்குறைய 90,000 லிட்டர். மக்கள் பார்க்காத, தரைக்கடியில் இருட்டில் கிடந்த தொட்டியில் அதைப்போல் நாலு மடங்கு, சுமார் 3.6 லட்சம் லிட்டர். நீராவி இன்ஜின்கள் ராத்திரி பகல் பாராமல் கீழ்த்தொட்டித் தண்ணீரை மேலே ஏற்றும், அது ஒவ்வொரு காட்சித் தொட்டியாக வழிந்து மறுபடி கீழே வரும். வழிந்து விழும்போதே காற்றைக் கலந்துகொண்டு வரும். வேலைக்காரப் பெண் ஜன்னல் ஓரத்தில் செய்ததைத்தான் லாயிட் இரும்பையும் நீராவியையும் வைத்துச் செய்தார்.

இன்னொன்றும் செய்தார். இயந்திரங்களை ஜோடியாக வைத்தார். ஒன்று ஓடும், ஒன்று காத்திருக்கும்.

இதை எந்தத் தணிக்கையாளரிடம் காட்டினாலும் சிவப்பு மையில் வட்டம் போடுவார். "இந்த இயந்திரம் வருஷம் முழுக்கச் சும்மா இருக்கிறதே, இதில் ஏன் முதலீடு?" என்பார். ஒரு தடவை எல்லாவற்றையும் இழந்த மனிதருக்கு அதன் பதில் தெரிந்திருந்தது என்று நினைக்கிறேன். நேப்பிள்ஸில் ஆன்டன் டோர்ன் நிறுவிய கடலாய்வு நிலையத்தின் அக்வேரியம் 1874-ல் திறந்தபோதும் அதன் அமைப்பில் லாயிட்டின் யோசனை இருந்தது.

மெரினாவும் மரைன் டிரைவும்

இந்த மோகம் நம்மூருக்கும் வந்தது. சென்னை அரசு அருங்காட்சியகத்தின் தலைவராக இருந்த எட்கர் தர்ஸ்டன் (தென்னிந்திய சாதிகள் பற்றி ஏழு தொகுதி எழுதிய அதே தர்ஸ்டன்) முயற்சியில் 1909-ல் மெரினா கடற்கரையில் மீன் காட்சியகம் திறந்தது. இந்தியாவின் முதல் பொது அக்வேரியம் அது. பிறகு மீன்வளத் துறை எடுத்து நடத்தியது. 1942-ல், ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று சென்னையே காலி செய்து ஓடிய சமயத்தில், மூடப்பட்டது. யுத்தம் முடிந்த பிறகும் பழைய நிலைமைக்கு அது திரும்பவே இல்லை. இன்று மெரினாவில் சுண்டல் சாப்பிடுகிற எத்தனை பேருக்கு அங்கே ஒரு அக்வேரியம் இருந்தது தெரியும்?

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று. யுத்தம் வந்தால் அருங்காட்சியகத்தைப் பூட்டி வைக்கலாம். நூலகத்தைப் பூட்டி வைக்கலாம். நாலு வருஷம் கழித்துத் தூசி தட்டித் திறக்கலாம். அக்வேரியத்தை ஒரு நாள் கூடப் பூட்டி வைக்க முடியாது. 2020-ல் கோவிட் வந்து உலகமே வீட்டில் முடங்கியபோதும் அக்வேரியங்களில் பம்ப் ஓடிக்கொண்டுதான் இருந்தது. டிக்கெட் வருமானம் பூஜ்யம், மின்சார பில் மட்டும் முழுசு.

தாராபூர்வாலா 1951-ல் திறந்தது. திறந்து வைத்தவர் குடியரசுத் தலைவர் ராஜேந்திர பிரசாத். கட்டச் செலவு சுமார் 8 லட்சம் ரூபாய், அதில் 2 லட்சத்தைத் தாராபூர்வாலா என்கிற பார்சி கொடையாளர் கொடுத்ததால் அந்தப் பெயர். எதிரே அரபிக்கடல் இருந்ததால் கடல் தண்ணீருக்குக் குறைவில்லை. கடல் பக்கத்தில் இல்லாதவர்கள் பாடு வேறு. அமெரிக்காவில் சிகாகோ நகரின் ஷெட் அக்வேரியம் 1930-ல் தன் கடல் மீன்களுக்காக ஃபுளோரிடாவின் கீ வெஸ்ட்டிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுவந்தது. 20 டாங்கர் வண்டிகள், எட்டு தடவை போய் வந்து, ஏறக்குறைய 38 லட்சம் லிட்டர். சென்னைக்கு 2001-லும் 2019-லும் ரயிலில் தண்ணீர் வந்ததே, ஞாபகம் இருக்கிறதா? சிகாகோவில் மீனுக்கு வந்தது.

பம்ப் நின்றால் என்ன ஆகும்?

நான் காமர்ஸ் படித்தவன். அறிவியல் எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன்.

மீன் சுவாசிப்பது தண்ணீரில் கரைந்திருக்கிற ஆக்சிஜனை. ஓடாத தண்ணீரில் மேற்பரப்பில் மட்டும்தான் காற்று கலக்கும். நெருக்கமாக மீன் இருக்கிற தொட்டியில் அது போதாது. தண்ணீர் சூடானால் கரைகிற ஆக்சிஜனும் குறையும், அதே சமயம் மீனுக்குத் தேவை கூடும். வரவு குறைந்து செலவு கூடுகிற குடும்பம் மாதிரி.

இரண்டாவது, கழிவு. மீன் வெளியேற்றுகிற அம்மோனியா விஷம். வடிகட்டியில் குடியிருக்கிற பாக்டீரியாக்கள்தான் அதை நைட்ரைட்டாகவும், பிறகு ஆபத்து குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. அந்த பாக்டீரியாக்களுக்கும் ஆக்சிஜன் வேண்டும். பம்ப் நின்றால் தொட்டியில் மீன் திணறுகிற அதே நேரத்தில் வடிகட்டிக்குள் பாக்டீரியாவும் சாக ஆரம்பிக்கும். அதனால் பல மணி நேரம் நின்ற பம்ப்பை அப்படியே மறுபடி போட்டுவிடக் கூடாது. வடிகட்டிக்குள் அழுகித் தேங்கியதெல்லாம் ஒரே வீச்சில் தொட்டிக்குள் போய்விடும். பம்ப் நின்று பிழைத்த மீன், பம்ப் ஓடிச் சாகும்.

வாடகை எங்கே வருகிறது?

எந்த இயந்திரமும் தேயும். கடல் தண்ணீரில் இன்னும் சீக்கிரம். பேரிங் மாற்ற வேண்டும், உப்பு அரித்த குழாயை மாற்ற வேண்டும், வடிகட்டியில் மணல் மாற்ற வேண்டும், கண்ணாடியில் கீறல் எடுக்கத் தொட்டியையே காலி செய்ய வேண்டும். இந்த வேலை நடக்கிற இரண்டு நாளோ இரண்டு மாதமோ, தண்ணீர் வேறு வழியாகச் சுற்ற வேண்டும். அதற்குத்தான் தற்காலிக பம்ப். தாராபூர்வாலா 2013-ல் புதுப்பிக்க மூடி 2015-ல் திறந்ததே, அப்படிப் பெரிய வேலை எங்கே நடந்தாலும் இந்தக் கேள்வி முதலில் வரும்: வேலை முடிகிறவரை மீன் எந்தத் தண்ணீரில் இருக்கும், அந்தத் தண்ணீரை எது ஓட்டும்?

கடையில் கிடைக்கிற எந்த பம்ப்பையும் கொண்டுவந்து மாட்டிவிட முடியாது. கட்டட வேலைக்கு வருகிற பம்ப் போன வாரம் சாக்கடை இறைத்திருக்கும். உள்ளே பித்தளையோ செம்போ இருந்தால் நமக்கு ஒன்றும் இல்லை, ஆனால் செம்பு சிறிதளவு கரைந்தாலே இறாலுக்கும் பவளத்துக்கும் விஷம். டீசல் இன்ஜினில் எண்ணெய் கசியக் கூடாது. குழாய் வாய் அளவு பொருந்த வேண்டும். எத்தனை உயரம் ஏற்ற வேண்டும், நிமிஷத்துக்கு எத்தனை லிட்டர் என்கிற கணக்கும் சரியாக வேண்டும். அமெரிக்காவின் மான்டரே பே அக்வேரியத்தில் நிமிஷத்துக்குச் சுமார் 7,500 லிட்டர் வரை கடல் தண்ணீரை உள்ளே ஏற்றுகிறார்கள். இப்படிப்பட்ட இடத்துக்கு வயலுக்கு இறைக்கிற ஆயில் இன்ஜின் எந்த மூலைக்கு?

ஆக, அக்வேரியத்துக்கு ஏற்ற வாடகை பம்ப் என்பது கொஞ்சம் பேரிடம் மட்டுமே இருக்கிற சரக்கு.

அண்ணாச்சி சொன்ன கணக்கு

கொஞ்ச வருஷத்துக்கு முன்னால் எங்கள் கிளைக்கு ஒரு வாடிக்கையாளர் கடன் கேட்டு வந்தார். திருநெல்வேலிப் பக்கம், மும்பையில் இரண்டு தலைமுறை. பம்ப்செட் வாடகைக்கு விடுகிற தொழில். அக்வேரியமெல்லாம் இல்லை, பேஸ்மென்ட்டில் தண்ணீர் இறைக்கிற வேலை. இன்னும் பத்து பம்ப் வாங்கக் கடன் வேண்டும் என்றார். அவர் கொடுத்த புராஜெக்ட் ரிப்போர்ட்டை வைத்து நான் கேட்டேன்:

"அண்ணாச்சி, மழை நாலு மாசம்தான. மிச்ச எட்டு மாசம் பம்ப் சும்மா கிடந்தா தவணை எப்பிடிக் கட்டுவீங்க?"

சிரித்தார். "சார், மழை இல்லாத மாசந்தான் நமக்குச் சோறு. டாங்க் கழுவுறவன், அஸ்திவாரம் தோண்டுறவன், கம்பெனில பம்ப் ரிப்பேரானவன்னு தனித்தனியா வருவான். நாள் சொல்லிட்டு வருவான். மழை அன்னிக்கு அப்பிடி இல்லேல்லா? ஊரே ஒரே நேரத்துல போன் அடிக்கும். பத்து பம்ப் வச்சிருக்கவன் நூறு பேருக்கு என்ன பதில் சொல்ல?"

"அப்ப யாருக்குக் குடுப்பீங்க?"

"மாசாமாசம் கட்டுறவனுக்குத்தான் மொதல்ல. பம்ப் எடுத்தாலும் எடுக்காட்டியும் மாசம் ஒரு தொகை குடுத்துப் பேரை எழுதி வச்சிருப்பான். அவன் பம்ப்ப நான் வேற ஆளுக்குத் தர மாட்டேன். மும்பை மாநகராட்சி கூட மழைக்கு முன்னாலேயே காண்டிராக்ட் போட்டுப் பேசி வச்சிருதால்லா?"

உண்மைதான். மும்பை மாநகராட்சி ஒவ்வொரு மழைக்காலத்துக்கும் தாழ்வான இடங்களுக்கென்று நூற்றுக்கணக்கான பம்ப்புகளை முன்கூட்டியே வாடகைக்கு அமர்த்துகிறது. வானம் இருட்டிய பிறகு போன் அடிப்பதில்லை.

அண்ணாச்சி சொன்னதற்கு வங்கி மொழியில் பெயர் உண்டு. கமிட்மென்ட் சார்ஜ். கடன் எடுக்காவிட்டாலும், கேட்டால் கொடுக்க வேண்டும் என்பதற்காகக் கட்டுகிற தொகை. கடன் அவருக்குக் கிடைத்தது.

அவர் சொன்ன கணக்கை வைத்துக்கொண்டு இனி மூன்று சம்பவங்களைப் பாருங்கள். மூன்றுமே மின்சாரம் போய் பம்ப் நின்ற கதைகள்.

நியூ ஆர்லியன்ஸ், 2005

2005-ஐ மும்பைக்காரன் மறக்க மாட்டான். ஜூலை 26, சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை. அதிலிருந்து சரியாக ஒரு மாதம் மூன்று நாள் கழித்து, ஆகஸ்ட் 29, அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரத்தை கேத்ரினா புயல் தாக்கியது. கரைகள் உடைந்து நகரத்தில் ஏறக்குறைய ஐந்தில் நாலு பங்கு தண்ணீருக்குள் போனது.

மிசிசிப்பி ஆற்றங்கரையில், 1990-ல் திறந்த பெரிய அக்வேரியம் இருக்கிறது. அதன் பெரிய தொட்டி மட்டுமே 15 லட்சம் லிட்டர். அது மேடான இடம். வெள்ளம் உள்ளே வரவில்லை. கட்டடம் புயலைத் தாங்கிவிட்டது. ஜெனரேட்டரும் ஓடியது. சில ஊழியர்கள் உள்ளேயே தங்கி மீன்களைப் பார்த்துக்கொண்டார்கள்.

பிறகு நகரத்தில் நிலைமை மோசமாகி அவர்களும் வெளியேற வேண்டி வந்தது. ஜெனரேட்டர் நின்றது. பம்ப் நின்றது. திரும்பி வந்து பார்த்தபோது ஏறக்குறைய 10,000 மீன்களில் பெரும்பாலானவை செத்து மிதந்தன. வெள்ளம் ஒரு மீனைக்கூடத் தொடவில்லை. எல்லாம் ஆக்சிஜன் இல்லாமல் செத்தவை.

காற்றைச் சுவாசிக்கிறவை பிழைத்தன. 19 பென்குவின்களும் இரண்டு கடல் நீர்நாய்களும் கலிஃபோர்னியாவுக்கு மான்டரே பே அக்வேரியத்துக்கு அனுப்பப்பட்டன. பெரிய பச்சை ஆமை ஒன்றும் தப்பியது. 2006 மே மாதம் பென்குவின்கள் விமானத்தில் திரும்பி வந்தன, அதே மாதம் அக்வேரியமும் திறந்தது.

அந்த வாரத்தில் யாராவது பம்ப்போ ஜெனரேட்டரோ வாடகைக்குக் கேட்டிருந்தால் கிடைத்திருக்குமா? ஊர் முழுக்க மருத்துவமனைகளே மின்சாரத்துக்குத் தவித்தன. சாலை தண்ணீருக்குள். மீனுக்கு முன்னால் மனிதன். அது நியாயமும் கூட.

ஃபுகுஷிமா, 2011

ஜப்பானில் இவாகி நகரின் ஓனஹாமா துறைமுகத்தில் 'அக்வாமரின் ஃபுகுஷிமா' என்கிற அக்வேரியம். 2000-ல் திறந்தது. 2011 மார்ச் 11 பூகம்பத்தைக் கட்டடம் தாங்கியது. பின்னால் வந்த சுனாமி கீழ்த்தளத்தை மூழ்கடித்தது. மின்சாரம் போனது. மாற்று ஏற்பாட்டால் எத்தனை நாள் தாக்குப்பிடிக்க முடியும்? அறுபது கிலோமீட்டருக்குள் அணு உலை வெடித்துக்கொண்டிருந்தது. டீசல் வண்டி எங்கிருந்து வரும்?

சுமார் இரண்டு லட்சம் உயிரினங்கள் செத்தன. சீல், வால்ரஸ் போன்றவற்றை வேறு அக்வேரியங்களுக்குக் கொண்டுபோனார்கள். அவற்றில் குராரா என்கிற சீல் கர்ப்பமாக இருந்தது. கமோகாவாவில் அடைக்கலமாக இருந்தபோது குட்டி போட்டது. குட்டிக்கு 'கிபோ' என்று பெயர் வைத்தார்கள். ஜப்பானிய மொழியில் நம்பிக்கை என்று அர்த்தம். ஜூலை 15, திறந்த நாளின் நிறைவு தினத்தில், அக்வேரியம் மறுபடி திறந்தது. நாலே மாதம். இதற்கு மேல் அந்த மனிதர்களைப் பற்றி நான் என்ன சொல்ல.

கோனி ஐலண்ட், 2012

2012 அக்டோபர் 29 இரவு, சாண்டி புயல். நியூயார்க் அக்வேரியம் கோனி ஐலண்ட் கடற்கரையிலேயே இருக்கிறது. 18 ஊழியர்கள் வீட்டுக்குப் போகாமல் உள்ளேயே தங்கினார்கள். கடல் உள்ளே புகுந்தது. பம்ப்புகளும் மின்சாரச் சாமான்களும் இருந்த கீழ்த்தளங்கள் முழுகின.

அந்தப் பதினெட்டுப் பேரும் பிறகு வந்து சேர்ந்தவர்களும் ராத்திரி பகலாகத் தண்ணீரை இறைத்து வெளியே தள்ளினார்கள், தொட்டிகளுக்கு ஆக்சிஜன் கிடைக்க வழி செய்தார்கள். சில நாளில் மின்சாரம் வராவிட்டால் எல்லா மீனையும் வேறு ஊர்களுக்கு அனுப்புவது என்று யோசித்தார்கள். அந்த நிலைமை வரவில்லை. கோய் மீன்கள் உட்படச் சிலவற்றை இழந்தார்கள், பெரும்பாலானவை பிழைத்தன. தொட்டியிலிருந்து தப்பிய ஒரு விலாங்கு, ஊழியர்களின் குளியலறையில் தேங்கிய தண்ணீரில் உயிரோடு கிடைத்தது. 2013 மே மாதம் ஒரு பகுதி திறந்தது.

இதே மாதிரிப் பேரிடர்தான், இங்கே மட்டும் ஏன் முடிவு வேறு? நியூ ஆர்லியன்ஸில் ஊழியர்கள் தைரியம் குறைந்தவர்கள் என்று யாரும் சொல்ல முடியாது. நியூயார்க்கில் ஊழியர்கள் இருந்த இடத்தை விட்டுப் போக வேண்டி வரவில்லை. புயல் போன மறுநாள் கடலும் வடிந்தது. வெளியிலிருந்து உதவி வந்து சேர ஒரு பாதை இருந்தது. அந்த நிலைமையில்தான் வெளி பம்ப் பயன்படும். நியூ ஆர்லியன்ஸுக்கும் ஓனஹாமாவுக்கும் அந்தப் பாதை இல்லை.

வங்கிக்காரன் கணக்கு

ஆரம்பத்தில் இது எங்கள் வங்கிக் கதை மாதிரி என்றேன் இல்லையா? சொல்கிறேன்.

ஒரு வங்கியிடம் சொத்து நிறைய இருக்கலாம். நல்ல கடன்கள் கொடுத்திருக்கலாம். ஆனால் ஒரு நாள் கவுண்டரில் வந்து நிற்கிறவனுக்குக் கொடுக்கக் கையில் ரொக்கம் இல்லையென்றால் கதவைச் சாத்த வேண்டியதுதான். சாதாரண நாளில் பக்கத்து வங்கியிடம் ஓர் இரவுக்குக் கைமாற்று வாங்கலாம். வட்டி கொடுத்தால் போதும். 2008-ல் லேமன் பிரதர்ஸ் விழுந்த வாரத்தில் உலகச் சந்தைகளில் என்ன நடந்தது? எல்லோருக்கும் ஒரே நாளில் கைமாற்று வேண்டியிருந்தது. அதனால் யாருக்கும் கிடைக்கவில்லை. அதற்காகத்தான் எங்களை வருமானம் குறைவான பணத்தைக் கட்டாயமாகக் கையில் வைத்திருக்கச் சொல்கிறார்கள். சும்மா கிடக்கிற பணம் என்று திட்டிக்கொண்டே வைத்திருக்கிறோம்.

வாடகை பம்ப் அந்தக் கைமாற்று மாதிரி. நமக்கு மட்டும் கஷ்டம் என்றால் கிடைக்கும். தேதி குறித்துப் பேரிங் மாற்றுகிற வேலைக்கு வாடகை பம்ப்பை விடச் சிக்கனமான வழி இல்லை. வருஷத்தில் பத்து நாள் தேவைப்படுகிற பெரிய பம்ப்பைச் சொந்தமாக வாங்கித் தேய்மானம் எழுதுகிறவன் கணக்குத் தெரியாதவன். ஆனால் ஊருக்கே கஷ்டம் வருகிற நாளில் வாடகைச் சந்தை என்று ஒன்று இருக்காது. அன்றைக்கு நம்மிடம் இருப்பதும், முன்பே பணம் கட்டிப் பேர் எழுதி வைத்திருப்பதும்தான் நம்முடையது. பேர் எழுதி வைத்திருந்தாலும் சாலை இருந்தால்தான் பம்ப் வரும், டீசல் இருந்தால்தான் ஓடும்.

இதை 1871-லேயே திவாலான ஒரு கடைக்காரர் புரிந்துகொண்டு, சும்மா நிற்க ஓர் இயந்திரத்தை வாங்கி வைத்தார். அதற்குப் பிறகு வந்தவர்கள் ஜெனரேட்டரை எங்கே வைப்பது, டீசல் எத்தனை நாளைக்கு, வெளி பம்ப் வந்தால் மாட்டுவதற்குக் குழாய் வாய் தயாராக இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகச் சேர்த்திருக்கிறார்கள். கடைசியாகச் சொன்னது அற்பமாகத் தெரியும். ஆனால் வாடகை பம்ப் வாசலில் வந்து நிற்கும்போது அதைப் பொருத்த வாய் இல்லையென்றால், அறுத்து ஒட்டி முடிப்பதற்குள் மீன் போய்விடும்.

இன்றைக்கு நம் ஊர்களில் மால்களிலும் பொருட்காட்சிகளிலும் சுரங்கப்பாதை வைத்த அக்வேரியங்கள் வந்துகொண்டிருக்கின்றன. தலைக்கு மேல் சுறா போகும், போட்டோ எடுத்துக்கொள்ளலாம். பம்ப் செய்கிற தொழிலில் கோயம்புத்தூரே இந்தியாவுக்கு முன்னோடி, எனவே பம்ப்புக்குப் பஞ்சமில்லை. இரண்டாவது பம்ப்புக்குச் செலவு செய்கிற மனசுதான் வேண்டும். அடுத்த தடவை குழந்தைகளோடு போனால், தண்ணீரை ஓட்டுகிற பம்ப் எத்தனை, கரண்ட் போனால் எவ்வளவு நேரம் தாங்கும் என்று அங்கே நிற்கிற ஊழியரிடம் கேட்டுப் பாருங்கள். நல்ல இடமாக இருந்தால் அவர் சந்தோஷமாகச் சொல்வார், சில சமயம் பின்பக்கம் கூட்டிப்போய்க் காட்டவும் செய்வார். அவர்களிடம் இதை யாரும் கேட்பதே இல்லை.